அரைமணித்தியாலத்தின் சரித்திரம்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலை ஒட்டிக் கிடக்கும் நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாக விரியும் நிலத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். கதிரவன் எழும் பக்கம் ஒன்று. அவன் படும் பக்கம் மற்றொன்று. நிலத்துக்குப் பெயர் வேண்டியபொழுது அரசனையோ அதிகாரியையோ நாடாமல் வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்த மக்கள் இவர்கள். அவ்வாவி தெற்கே வந்து முடியும் பகுதியில், கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையே, கடலோரமாக அமைந்தது பாண்டிருப்பு என்னும் ஊர். திரௌபதை அம்மன் கோயிலாலும் அதன் தீமிதிப்பு விழாவாலும் பெயர்பெற்ற இவ்வூருக்குப் பலரும் எண்ணிப் பாராத மற்றுமொரு சிறப்பு உண்டு. இலங்கையில் மணிக்கூடும் சூரியனும் பெரும்பாலும் ஒத்துப்போகும் ஊர்கள் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்று.

இதற்குக் காரணம் எளிது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கும் நம் நாட்டு நேரம், கிழக்கு நெடுங்கோடு 82½ பாகைக்கு உரிய நேரமாகும். அந்தக் கோடு இலங்கை மண்ணை எங்குமே தொடுவதில்லை. பாண்டிருப்புக் கரையில் நின்று கடலை நோக்கினால், ஏறக்குறைய 75 கிலோமீற்றருக்கு அப்பால், அலையின்மேலே ஓடுகிறது அது. ஆகவே தீவிலுள்ள மணிக்கூடுகள் யாவுமே சூரியனைச் சற்று முந்திக்கொண்டவை. கொழும்பில் இந்த முந்தல் 10 நிமிடத்துக்கும் மேல். பாண்டிருப்பிலோ 3 நிமிடமும் இல்லை. சில மாதங்களில் சூரியன் தானே சிறிது முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் உச்சியை அடைவதுண்டு; அதனைச் சராசரிக் கணக்கில் விட்டுவிடலாம். அரசாங்கத்தின் 12 மணியும் ஆகாயத்தின் உச்சிப்பொழுதும் கைகோத்து நிற்கும் ஊர் இதுவென்று சொன்னால் மிகையாகாது.

இத்தகைய ஊரை நோக்கி, 1996 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆந் திகதி அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. நாட்டிலுள்ள எல்லாரோடும் சேர்ந்து நீங்களும் உங்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வையுங்கள் என்பதே அவ்வாணை. பகலொளியைச் சேமித்தல் என்பது அதற்குச் சூட்டிய பெயர்.

ஒளியைச் சேமித்தல்! நெல்லைச் சேமிக்கலாம், பட்டறை கட்டி வைக்கலாம். மீனை உப்பிட்டுக் கருவாடாக்கலாம். மழைநீரைக் குளங்கட்டித் தேக்கலாம். ஒளியை எந்தக் குதிரில் கொட்டி வைப்பது என்று கேட்பவன் பேதையல்லன். இந்த எண்ணம் முதலில் எழுதப்பட்டதே ஒரு பகடியாகத்தான். 1784 ஆம் ஆண்டில், பாரிசு மாநகரிலே அமெரிக்கத் தூதராக வாழ்ந்த பெஞ்சமின் பிராங்கிளின் அங்குள்ள பத்திரிகை ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் ஒருநாள் காலை 6 மணிக்குக் கண்விழிக்க நேர்ந்ததாகவும், அவ்வேளையிலேயே சூரியன் எழுந்து ஒளி வீசுவதைக் கண்டு திகைத்ததாகவும் அதிற் கூறினார். பாரிசு மக்கள் நண்பகல் வரை உறங்கி, நள்ளிரவு வரை மெழுகுதிரி எரிப்பதால் ஆகும் வீண்செலவு 9 கோடி 60 இலட்சம் லிவருக்கு மேல் என்று பெரிய கணக்கு ஒன்றையும் போட்டுக் காட்டினார். அதற்கு அவர் சொன்ன பரிகாரங்கள், சன்னற் கதவுகளுக்கு வரி விதித்தலும், விடியற்காலையில் எல்லாக் கோயில்மணிகளையும் அடித்தலும், அதற்கும் எழாதவர்க்குத் தெருத்தோறும் பீரங்கி வெடித்தலும் ஆம். மணிக்கூட்டைத் திருப்பும்படி அவர் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நகைச்சுவை அவரிடத்தும் இருக்கவில்லை போலும்.

பகடியை மெய்யாக எடுத்துக்கொள்வோர் பின்னர் தோன்றினர். நியூசீலாந்திலே அஞ்சல் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டு பூச்சியினங்களை ஆராய்ந்து வந்த ஜோர்ஜ் ஹட்சன், மாலையில் பூச்சி தேட வெளிச்சம் போதவில்லையே என்று கவன்று, 1895 இல் கோடைகாலத்து மணிக்கூட்டை 2 மணித்தியாலம் முன்தள்ளலாம் என்றார். இங்கிலாந்திலே வீடு கட்டும் தொழிலில் இருந்த வில்லியம் வில்லெற்று, 1907 இல் ஒரு சிறு நூல் வெளியிட்டு, ஏப்பிரல் மாதத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கிழமைக்கு 20 நிமிடமாக 80 நிமிடம் தள்ள வேண்டும் என்று வாதாடினார். அவர் 1915 இல் இறந்தார். கனவு மறு ஆண்டிலேயே பலித்தது. பலிக்கச் செய்தது அவருடைய நூலன்று. நிலக்கரியை மிச்சம் பிடிக்க வேண்டிய உலகப் போர். 1916 ஏப்பிரல் 30 இல் சேர்மனி தள்ளிற்று. மூன்று கிழமையில் பிரித்தானியாவும் தள்ளிற்று.

அந்நாடுகளின் நிலைமையை நாம் நேர்மையாகப் பார்த்தல் வேண்டும். இலண்டனில் கோடையின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 16½ மணித்தியாலம். மாரியின் மிகக் குறுகிய பகல் 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. கோடையில் விடியற்காலை 4 மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்து, உறங்குபவன் முகத்தில் வீணே விழுகிறது. அதில் ஒரு மணித்தியாலத்தை எடுத்து மாலையில் வைக்கலாம் என்பதில் ஏதோ ஒரு நியாயம் உண்டு. பாண்டிருப்போ நிலநடுக்கோட்டிலிருந்து ஏழரைப் பாகைக்குள்ளே கிடப்பது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஏறக்குறைய 52 நிமிடமே. ஆண்டு முழுவதிலும் சூரியன் கூட்டியும் குறைத்தும் தருவது ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கும் ஊரிலே, ஒரே இரவில் ஒரு மணித்தியாலத்தைச் சேமிக்கப் புறப்பட்டார்கள்.

நாட்டின் நேரத்தை மேலிடத்தார் தொட்டது இது முதன்முறையன்று. 1906 வரை இலங்கை தனக்கென ஒரு நேரம் வைத்திருந்தது. கிறீனிச்சுக்கு அது 5 மணித்தியாலமும் பத்தொன்பதரை நிமிடமும் முந்தியது. அவ்வாண்டு அதனை ஐந்தரை மணித்தியாலமாக்கி இந்தியாவோடு இணைத்தனர். ஏறத்தாழ 10 நிமிட மாற்றம். கொழும்பார் அதனை அதிகம் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பம்பாயில் இதே மாற்றம் பெரிய வழக்காயிற்று. ஆலைத் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். மாநகரசபை தன் பழைய பம்பாய் நேரத்தை 1955 வரை விடாப்பிடியாகக் காத்தது.

அடுத்தது இரண்டாம் உலகப் போர். 1942 சனவரி 5 இல் அரைமணித்தியாலமும், அதே ஆண்டு செப்தெம்பரில் மீண்டும் ஓர் அரைமணித்தியாலமுமாக மணிக்கூடு முன்னே போயிற்று. அந்த இரு மாற்றங்களுக்கும் இடையிலேதான் ஏப்பிரல் மாதம் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. 9 ஆந் திகதி, மட்டக்களப்புக் கடலில் எர்மிசு என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அரைமணித்தியாலம் முந்தி எழுந்த காவலர்க்கும் அந்தக் கப்பலைக் காக்க முடியவில்லை. போர் முடிந்து, 1945 ஒற்றோபர் 16 இல் நேரம் பழைய நிலைக்குத் திரும்பியது. அதன் பின்னர் ஐம்பது ஆண்டுகள் எவரும் முள்ளைத் தொடவில்லை.

1996 இல் தொட்டதற்குக் காரணம் மழை. அக்காலத்தில் நாட்டின் மின்சாரத்திற் பெரும்பங்கு மலைநாட்டு நீர்த்தேக்கங்களிலிருந்து வந்தது. அவ்வாண்டு வான் பொய்த்தது, தேக்கங்கள் வற்றின, நாள்தோறும் மணிக்கணக்காக மின்வெட்டு நிகழ்ந்தது. மாலையில் விளக்கேற்றும் வேளையைப் பிற்போட்டால் மின்சாரம் மிஞ்சும் என்று அதிகாரிகள் கருதினர். கருத்துப் பிழையென்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. மாலை 7 மணிக்கும் வெளிச்சம் இருந்தால், 9 மணிக்கு உறங்கப் போகிறவன் வீட்டிலே விளக்கு ஒரு மணித்தியாலம் குறைவாக எரியும். ஆனால் அவனே விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்தச் சமையலறையில் விளக்கேற்றுகிறான். வலக்கையாற் கொடுத்ததை இடக்கையாற் பெற்றுக்கொள்ளும் கணக்கு. அமெரிக்காவிலே இந்தியானா மாநிலம் 2006 இல் இம்முறையை மாநிலம் முழுவதற்கும் விரித்தபொழுது, வீடுகளின் மின்செலவு ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு கூடியதென்று ஆராய்ந்தவர் கண்டனர்.

கீழ்க்கரையிலே இவ்வாணை வந்து சேர்ந்தபொழுது யார் யார் அதற்குக் கீழ்ப்படிந்தனர் என்பதை வரிசையாகப் பார்க்கலாம். கந்தோர்கள் கீழ்ப்படிந்தன, வங்கிகளும் பேருந்துகளும் கீழ்ப்படிந்தன, வானொலி புதிய நேரத்தைச் சொன்னது, வீடுகள் அதற்கேற்ப முள்ளைத் திருப்பின. சேவல் கீழ்ப்படியவில்லை. கரைவலைக்காரருக்கும் கடலின் முகமும் கிழக்கின் வெளுப்பும் தெரியுமேயன்றி, ஆணை தெரியாது. அவர்கள் வழக்கம்போல் இருட்டோடு தோணி தள்ளினர். ஆனால் மீன் ஏற்றிச் செல்லும் லொறி மணிக்கூட்டைப் பார்த்துப் புறப்படுவதாயிற்றே. கடல் ஒரு நேரமும் லொறி மற்றொரு நேரமுமாக, நடுவிலே மீன் வெயிலிற் கிடந்தது.

கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் பள்ளிவாசல்களில் நிலைமை இன்னும் தெளிவானது. ஐவேளைத் தொழுகையும் சூரியனைக் கொண்டே வகுக்கப்பட்டவை. கிழக்கு வெளுத்தால் சுபஹு. உச்சி சாய்ந்தால் லுஹர். நிழல் நீண்டால் அஸர். கதிர் மறைந்தால் மஃரிப். செவ்வானம் அடங்கினால் இஷா. நேர அட்டவணையில் எண்களை மாற்றி எழுத வேண்டியிருந்ததே தவிர, பாங்கு சொல்லும் வேளை இம்மியும் நகரவில்லை. 1997 சனவரியில் நோன்பு வந்தபொழுது, பழைய கணக்கில் 6 மணியை ஒட்டி நோன்பு திறந்திருப்பர். புதிய கணக்கில் அது ஆறரையை ஒட்டி ஆயிற்று. பசித்த வயிற்றுக்கு அரைமணித்தியாலம் கூடிற்றா என்றால், இல்லை. காலையிலும் அதே அரைமணித்தியாலம் பிந்தியன்றோ ஸஹர் முடிந்தது! ஒளியைச் சேமித்தார்களோ இல்லையோ, பசியைச் சேமிக்க எவராலும் முடியவில்லை.

இந்துக்கள் வீட்டில் சிக்கல் வேறு விதமானது. பஞ்சாங்கம் உதயம் முதல் நாழிகை எண்ணுவது. ஒரு நாழிகை 24 நிமிடம். நாளொன்றுக்கு 60 நாழிகை. உதயத்தை அரசாங்கம் தொடாதவரை அந்தக் கணக்குக்குப் பங்கமில்லை. ஆனால் இராகுகாலத்தை நாழிகையில் எண்ணுவோர் அருகிவிட்டனர். திங்கட்கிழமை ஏழரை முதல் 9 மணி வரை என்று மணிக்கூட்டு வாய்பாடாகவே அது எல்லார்க்கும் மனப்பாடம். மணிக்கூட்டைத் தள்ளிய பின் இராகுவும் தள்ளிப் போனாரா, அல்லது பழைய இடத்திலேயே நின்றாரா? கற்றறிந்தோர் வாய்பாட்டோடு புதிய வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்வர். கூட்டாதவர், இராகுகாலம் கழிந்தது என்று நம்பி அதன் நடுவிலே நல்ல காரியம் தொடங்கியிருப்பர். அஞ்சி நடப்பவர் இரண்டு கணக்கையும் சேர்த்து விலக்குவர். அவர்க்கு நாளில் வேலை செய்யும் பொழுதே சுருங்கிவிடும்.

நகைப்புக்கு இடமில்லாதது பள்ளிப் பிள்ளைகளின் நிலை. மே மாதத்துப் புதிய 6 மணி, பழைய 5 மணி. தூரத்து ஊர்களிலிருந்து ஏழரை மணிப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பிள்ளை, இருட்டிலே எழுந்து இருட்டிலே தெருவுக்கு வரவேண்டியிருந்தது. யுத்தகாலத்து இருட்டு அது. கீழ்மாகாணத்திலே விடியுமுன் தெருவில் நடமாடுவது என்றால் என்னவென்று அக்காலத்தைக் கண்டவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஒற்றோபர் 26 ஆந் திகதி அரசாங்கம் சற்று இறங்கி வந்து, எடுத்த ஒரு மணித்தியாலத்தில் அரையைத் திருப்பித் தந்தது. கல்முனைச் சந்தையிலே விலை பேசுபவர்களுக்கு இம்முறை நன்கு பழக்கம்: கேட்பது ஒன்று, படிவது அதிற் பாதி. மற்றைய அரை, மழை வந்து தேக்கங்கள் நிரம்பிய பின்னரும் போகவில்லை. இரண்டு நாள் விருந்துக்கு வந்து திண்ணையைச் சொந்தமாக்கிக்கொண்ட உறவினர் போல அது ஒன்பதரை ஆண்டுகள் இருந்தது. சனவரி பிற்பகுதியில் பாண்டிருப்பில் உதயம் 6 மணி 50 நிமிடத்தையும் தாண்டிற்று. கொழும்பிலே 7 மணி.

இனி, தொடக்கத்திற் சொன்ன வாவிக்கு வருவோம். புதிய நேரத்தை ஏற்காத அதிகாரம் ஒன்றும் இந்நாட்டில் அப்பொழுது இருந்தது. விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலே பழைய ஐந்தரை மணித்தியாலக் கணக்கையே கைக்கொண்டனர். படுவான்கரையின் பெரும்பகுதி அக்காலத்தில் அவர்கள் கையில். எழுவான்கரையின் நகரங்கள் அரசாங்கத்தின் கையில். ஒரே நிலம், ஒரே உறவுமுறை, ஒரே வெயில். நடுவிலே ஒரு வாவியும் சோதனைச் சாவடியும் அரைமணித்தியாலமும். எழுவான்கரையில் 8 மணிக்குத் தோணி ஏறியவன் கால் மணித்தியாலத்தில் மறுகரையில் இறங்கினால், அங்கே 7 மணி 45 நிமிடம். புறப்பட்டதற்கு முன்னரே போய்ச் சேர்ந்த அதிசயம் புராணங்களிலும் அருமை. மாலையில் திரும்புகிறவனுக்கு இதன் மறுபக்கம் காத்திருந்தது. எழுவான்கரையில் கடை சாத்தும் நேரமும், கடைசிப் பேருந்தின் நேரமும், சாவடி மூடும் நேரமும் அவனுடைய கணக்குக்கு அரைமணித்தியாலம் முந்தியே வந்துவிடும். பேருந்தைத் தவறவிட்டால் ஓர் இரவு போகும். சாவடியிலே நேரந் தவறினால் என்ன போகும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாத காலம் அது. ஆகவே “எத்தனை மணி?” என்று கேட்டவனை நோக்கி “எந்த நேரம்? பழைய நேரமா, புதிய நேரமா?” என்று திருப்பிக் கேட்பது வழக்கமாயிற்று. கேள்வி மணிக்கூட்டைப் பற்றியது. பதிலோ சொல்பவன் எந்த ஆட்சிக்கு உட்பட்டவன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

இதிலே வேடிக்கை ஒன்று உண்டு. ஒளியைச் சேமிக்கச் சொன்னது மின்சாரத்துக்காக. படுவான்கரையிலோ மின்கம்பியே எட்டாத ஊர்கள் பல. குப்பிவிளக்கோடு இரவு கழித்த மக்கள். சேமிக்க அவர்களிடம் மின்சாரம் இருக்கவில்லை. அவர்களுடைய பழைய நேரமோ, 82½ பாகைக் கோட்டுக்கு அணித்தான இக்கரைகளில் சூரியனோடு பெரும்பாலும் ஒத்திருந்தது. துப்பாக்கியின் நிழலில் நடந்த ஆட்சிக்கு இதற்காக நாம் புகழ்மாலை சூட்ட வேண்டியதில்லை. வானசாத்திரம் கருதி அவர்கள் அதனைச் செய்தாரும் அல்லர்.

2006 ஆம் ஆண்டு, சித்திரைப் புத்தாண்டை அடுத்து, ஏப்பிரல் 15 ஆந் திகதி பிறந்த நள்ளிரவில் நேரம் பழைய நிலைக்குத் திரும்பியது. கொழும்பில் வாழ்ந்த அறிவியற் கதையாசிரியர் ஆதர் சி. கிளார்க், அரைமணித்தியாலக் கணக்கு உலகத் தொடர்புகளுக்கு இடையூறு என்று இதனை விரும்பவில்லை. பிள்ளைகள் இருட்டில் எழுவது ஒழிந்தது என்று பெற்றோர் மகிழ்ந்தனர். மருத்துநீர் வைத்து நீராடி, பெரியோரிடம் கைவிசேடம் பெற்று உறங்கப்போன மக்களுக்கு, அரசாங்கமும் தன் பங்குக்கு அரைமணித்தியாலத்தைக் கைவிசேடமாக நீட்டியது. அவர்களிடமிருந்தே எடுத்த பொருள்தான், வட்டி சேர்க்கப்படவில்லை.

முள் பன்னிரண்டரையைத் தொட்டதும் அதனை மீண்டும் 12 க்குத் திருப்பினர். அதனால் அந்த இரவில் 12 மணிக்கும் பன்னிரண்டரைக்கும் இடைப்பட்ட நிமிடங்கள் இருமுறை வந்தன. அவ்வேளையில் ஆஸ்பத்திரியிற் பிறந்த குழந்தைக்கு 12 மணி 15 நிமிடம் என்று குறித்திருந்தால், அது முதலாவது பன்னிரண்டேகாலா, இரண்டாவது பன்னிரண்டேகாலா என்பது தாதிக்கே வெளிச்சம். இரட்டைப் பிள்ளைகளாயின், பின்னர் பிறந்தது பதிவிலே மூத்ததாகிவிடவும் கூடும்.

அந்த ஒன்பதரைக்கு மேற்பட்ட ஆண்டுகளிற் பிறந்த பிள்ளைகள் இன்று கலியாண வயதினர். சாதகம் கணிப்பவர் முன்னே அவர்களுடைய பிறந்த நேரம் வந்து விழுகிறது. பன்னிரண்டு இலக்கினங்களும் ஒரு நாளுக்குள் சுழன்று முடிபவை. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 2 மணித்தியாலம். அரைமணித்தியாலம் பிழைத்தால், நால்வரில் ஒருவர்க்கு இலக்கினமே மாறிவிடும். மாறினால் பொருத்தம் மாறும். பொருத்தம் மாறினால் மாப்பிள்ளை மாறுவார். 1996 மே முதல் ஒற்றோபர் வரை பிறந்தவர்க்கு ஒரு மணித்தியாலமும், அதன் பின்னர் 2006 ஏப்பிரல் வரை பிறந்தவர்க்கு அரைமணித்தியாலமும் கழிக்க வேண்டும். 1942 முதல் 1945 வரை பிறந்த பாட்டன் பாட்டியரின் ஏட்டை எடுத்தாலும் இதே தொல்லைதான். ஆண்டையும் திகதியையும் கேட்டறிந்த பின்னர், வாவிப் பக்கத்தில் கணிப்பவர் இன்னுமொரு கேள்வியையும் கேட்டே ஆகவேண்டும்: பிள்ளை பிறந்தது எழுவான்கரையிலா, படுவான்கரையிலா?